புனமும் வனமும்: மாத்தளையில் மானும் பன்றியும் வேட்டையும்

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே திண்ணனாரின் கன்னி வேட்டையைப் பாடுமிடத்து, வேடர் எவற்றைக் கொன்றனர் என்பதோடு நில்லாது, எவற்றைக் கொல்லாது விட்டனர் என்பதையும் எடுத்துக் கூறுகின்றார். யானைக் கன்றுகளை அவர்கள் தொடர்ந்திலர். விலங்கின் சிறு குட்டிகள்மேற் கணை செலுத்திலர். சூல்கொண்டு அடி தளர்ந்த பிணைகளை அலைத்திலர். உடுப்பூர் வேடர் ஏடு கற்றவரல்லர். ஆயினும் அவர்தம் வில்லுக்கும் ஒரு நெறி இருந்தது. பரீட்சைக்காக இப்பகுதியைப் படிக்கும் மாணாக்கர் சந்தநயத்தை வியந்துவிட்டு இக்கருத்தைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். இக்காலப் பல்கலைக்கழகங்களிலே வனவிலங்கு முகாமை என்ற பெயரிற் கற்பிக்கப்படும் கலையின் முதற்பாடம் இதுவேயாம். காட்டிலுள்ள மந்தை ஒரு முதல்; ஆண்டுதோறும் அதிற் பெருகுவது வட்டி; வட்டியை உண்பவன் முதலைத் தொடலாகாது.

இப்பாடத்தை நம் மாத்தளை மாவட்டத்திலே பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் பழைய மாணவருள் தோட்டங்களை மேற்பார்வை செய்வோர், மிளகும் கொக்கோவும் பயிரிடுவோர், கிராம அலுவலராயிருப்போர் பலர். இன்று வகுப்பிலிருக்கும் மாணாக்கருட் பலரோ, மரவள்ளிப் பாத்திக்கு இரவுக் காவலிருக்கும் தந்தையரின் பிள்ளைகள். காடும் விலங்கும் இவர்களுக்கு ஏட்டுச் செய்தி அல்ல.

மாத்தளை ஒரே தன்மையான நிலம் அன்று. தென்கிழக்கே சிங்கள மக்கள் தும்பற என வழங்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர் முகில் தோய நிற்கின்றது. இறத்தோட்டை, கம்மடுவ, எல்கடுவ ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்கள் அதன் மடியில் உள்ளன. நகரையும் உக்குவளையையும் சூழ்ந்து பலா, மிளகு, சாதிக்காய், கராம்பு நிறைந்த வீட்டுத் தோட்டங்கள். வடக்கே நாவுல, தம்புள்ளை, கலேவெல, சீகிரியா எனச் சென்றால் மழை குறைந்து, குளமும் சேனையும் கொண்ட வறண்ட நிலம் வந்துவிடும். கிழக்கே லக்கலை, வில்கமுவ கடந்தால் வஸ்கமுவ வனம். ஒரு மாவட்டத்துக்குள்ளேயே குறிஞ்சியும் முல்லையும் மருதமும் அமைந்திருத்தல் எல்லா ஊர்க்கும் வாய்ப்பதன்று.

ஆதலின் விலங்கினமும் பலவகை. தமிழகத்தார் கடமான் என்பதை ஈழத்தமிழர் மரை என்பர். அது சங்க நூல்களில் வழங்கிய பழஞ்சொல். மரை மலையுச்சியிலும் வாழும். சமவெளிக் காட்டிலும் வாழும். புள்ளிமான் வறண்ட சமவெளியை விட்டு மேலேறுவதில்லை. தமிழகத்திற் கேளையாடு எனப்படும் குரைக்கும் மான் மலைத்தோட்டங்களின் ஓரங்களில் தனித்துத் திரியும். அதன் குரலை நாயின் குரல் என்று மயங்குவோர் உண்டு. முயலளவே ஆன சருகுமானைப் பகலிற் காண்பது அரிது. இவற்றோடு காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மயில், காட்டுக்கோழி, குரங்கு, இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுத்தை. இலங்கைக் காட்டில் வேங்கைப்புலி இல்லையாதலின் சிறுத்தையே இங்கு வேந்து.

வேட்டையும் காப்பும் இத்தீவின் வரலாற்றில் அருகருகே நடந்துவந்திருக்கின்றன. தேவநம்பியதீசன் மிகிந்தலையில் மான் வேட்டையாடச் சென்ற வேளையிலேதான் மகிந்த தேரரைக் கண்டான் என மகாவம்சம் கூறும். தம்புள்ளைக் குகையிலே கல்வெட்டுப் பொறித்த நிசங்கமல்லன் (ஆட்சி 1187–1196), அனுராதபுரத்தைச் சூழ்ந்த நிலத்தில் விலங்குகளைக் கொல்லலாகாதென ஆணையிட்டதையும் கல்வெட்டே கூறுகின்றது. பெருங்கேடு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1840களிலிருந்து கோப்பிக்காக மலைக்காடு வெட்டப்பட்டது. மரையின் உறைவிடம் போயிற்று. துரைமார் துவக்கும் வேட்டைநாயும் கொண்டு வந்தனர். நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட நூலைப் படித்தால், ஒருவர் தம் பொழுதுபோக்குக்காக எத்தனை உயிரைக் கொல்லலாம் என்பதற்கு அக்காலத்தில் எல்லையே இருக்கவில்லை என்பது விளங்கும். தோலும் கொம்பும் விலைபோகவே நாட்டவரும் துவக்கெடுத்தனர். 1872இலே எருமையையும் வேட்டை விலங்குகளையும் வீணாய் அழிப்பதைத் தடுக்க ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. 1894இல் வேட்டைவிலங்குக் காப்புச் சங்கம் ஒன்று தோன்றிற்று. அதைத் தோற்றுவித்தோர் சன்னியாசிகள் அல்லர், வேட்டைக்காரரே. வேட்டையாட விலங்கு எஞ்சாது என்ற அச்சமே அவர்களைச் சங்கங்கூட்டச் செய்தது. பின்னர் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1938 மார்ச்சு 1இல் நடைமுறைக்கு வந்தது. வனசீவராசிகள் திணைக்களம் 1949இல் நிறுவப்பட்டது.

அதே 1937இல், உலகின் மறுகோடியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் ஒரு சட்டம் இயற்றின. துவக்குக்கும் தோட்டாவுக்கும் வாங்கப்படும் தீர்வை முழுவதையும் காட்டுவிலங்குகளின் நலத்துக்கே செலவிடுக என்பது அச்சட்டத்தின் சாரம். அங்கே அந்நாளில் மானும் காட்டு வான்கோழியும் பல மாநிலங்களில் அற்றுப்போயிருந்தன. (வான்கோழி அமெரிக்காவுக்கே உரிய பறவை, கொலம்பசு சென்ற 1492க்குப் பின்னரே அது பிற கண்டங்களுக்கு வந்தது. மூதுரையில் வரும் வான்கோழியைப் பற்றி எழுதுவோர் இந்த ஆண்டை மனத்திற்கொள்வது நன்று.) பண்ணையில் வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் விட்டுப் பார்த்தனர், அவை நரிக்கும் பருந்துக்கும் இரையாயின. பின்பு 1950களில், வெடியின் விசையாற் பறந்து விழும் வலைகளைக் கொண்டு காட்டுப் பறவைகளையே பிடித்து, அவை அற்றுப்போன காடுகளிற் குடியேற்றினர். இன்று அலாசுக்கா ஒழிந்த ஏனைய மாநிலங்கள் எல்லாவற்றிலும் அப்பறவை உண்டு. வெண்வால் மானும் அவ்வாறே பெருகிற்று. வேட்டை நிறுத்தப்படவில்லை, அளவிடப்பட்டது. நிலவுடைமையாளர் தம் காணியிற் காடும் வெளியும் மாறிமாறி வருமாறு அமைத்து, நீர் தேக்கி, தீவனப் பயிரிட்டு, மானைப் பேணி வளர்த்து வேட்டையாடுகின்றனர்.

அம்முறையை இங்கும் கொண்டுவரலாமே என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் விடை விலங்கின் கருப்பையில் இருக்கின்றது. வெண்வால் மான் நல்ல தீவனம் கிடைத்தால் இரட்டைக் கன்று ஈனும். நம் மரையும் புள்ளிமானும் ஈற்றுக்கு ஒரு கன்றே ஈனும். வான்கோழிப் பெட்டை ஒரு கூட்டில் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். இலங்கைக் காட்டுக்கோழி இடுவதோ இரண்டு முதல் நான்கு. முதல் ஒன்றாயினும் வட்டி வேறு.

அதனினும் நுட்பமானது பருவம். குளிர் நாட்டிலே பனிக்காலத்துக்கு அஞ்சி எல்லா மானும் ஒரே பருவத்தில் ஈனுகின்றன. கன்று தாயைப் பிரிந்து வாழத் தொடங்கும் இலையுதிர் காலத்தில் வேட்டையைத் திறந்தால், சூல்கொண்ட பிணையும் பால்குடிக்கும் கன்றும் பெரும்பாலும் தப்பிவிடும். நம் நாட்டிற் பனிக்காலம் இல்லை. புள்ளிமான் மந்தை ஒன்றிலே கொம்பு உதிர்த்த கலையும், கொம்பு முதிர்ந்த கலையும், சினைப் பிணையும், பாலூட்டும் பிணையும் ஒரே நாளிற் காணப்படும். எந்த மாதத்தைத் திறப்பது, எதனை மூடுவது? சேக்கிழார் காட்டிய வேடர்போலக் கண்ணாற் கண்டு தவிர்த்தாலன்றி, நாட்காட்டியைக் கொண்டு தவிர்க்க இயலாது. இக்காலச் சட்டம் மரை, புள்ளிமான், குரைக்கும் மான், சருகுமான் யாவற்றையும் முற்றாகவே காப்பதற்கு இதனை ஒரு தக்க நியாயமாகக் கொள்ளலாம். அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம்.

காட்டுப்பன்றியின் கணக்கே வேறு. நான்கு மாதத்திற் குட்டி போடும். ஓர் ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு, சிலவேளை அதற்கு மேலும். பத்துப் பெண்மரைகள் ஆண்டுக்குப் பத்துக் கன்றுக்கு மேல் ஈனமாட்டா. பத்துப் பெண்பன்றிகள் ஐம்பது குட்டி தரும். ஒரு வன ஓரத்தில் மரையும் பன்றியும் ஒரே அளவிற் கொல்லப்பட்டால் சில ஆண்டுகளில் எது எஞ்சும் என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவனும் சொல்லிவிடுவான்.

இங்கேதான் நம் மாவட்டத்தின் உண்மையான இடர் தொடங்குகின்றது. ஒரு தொழிலாளி குடும்பம் லயத்தின் பின்புறத்தில் ஆறு மாதம் பாடுபட்டு வளர்த்த மரவள்ளியையும் வற்றாளையையும் பன்றிக்கூட்டம் ஒரே இரவில் உழுது போய்விடும். அக்குடும்பத்தினிடம் கொல்லாமை அதிகாரத்தைப் படிப்பதனாற் பயனில்லை. காலையில் அவன் சைக்கிளின் பிரேக் கம்பியை எடுத்துச் சுருக்கிட்டு வேலியிலே கட்டுகின்றான். வேறிடங்களிலே கட்டுத்துவக்கு வைக்கின்றனர். தீனிக்குள் வாய்வெடி பொதிந்து போடுகின்றனர். இம்மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: அவற்றுக்குக் கண் இல்லை. வேடன் சூல்கொண்ட பிணையைக் கண்டு வில்லைத் தாழ்த்தலாம், கம்பி தாழ்த்தாது. பன்றிக்கு வைத்த சுருக்கில் மரை விழும், குரைக்கும் மான் விழும். பன்றிக்கு வைத்த வாய்வெடியால் யானைக்கன்று தாடை சிதைந்து பட்டினியால் மடியும். கட்டுத்துவக்கின் கயிற்றிற் கால்பட்டு மாண்ட மனிதரும் உளர்.

சிறுத்தையும் விழும். 2020 மே மாதத்தில் மஸ்கெலியாவைச் சார்ந்த நல்லதண்ணியில், தோட்டத்து மரக்கறிப் பாத்தியொன்றில் இருந்த சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை அகப்பட்டது. மலைநாட்டில் மிக அரிதாகவே தென்படும் விலங்கு அது. மயக்க மருந்து செலுத்தி மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றும் சில நாட்களில் மாண்டுவிட்டது. செய்தித்தாள்கள் அதன் அழகைப் பற்றி எழுதின. நட்டக்கணக்கை எழுதியோர் சிலரே. தோட்டப்புறத்துச் சிறுத்தை இரவுதோறும் உண்பது எதை? முள்ளம்பன்றியையும், மானையும், பன்றிக் குட்டியையும். பன்றிக் குட்டியைக் குறைக்கக் கூலியின்றி உழைத்த காவற்காரனைப் பன்றிக்கென வைத்த கம்பியாலேயே நாம் கொன்றுவிடுகின்றோம். மரை குறைகின்றது, சிறுத்தை குறைகின்றது, பன்றி மட்டும் மிஞ்சுகின்றது. அடுத்த ஆண்டு மரவள்ளிக்கு இன்னும் பெருங்கேடு. அதனால் இன்னும் அதிகமான கம்பி.

இச்சுழலை அறுக்கும் வழி துவக்கிலும் இல்லை, உபதேசத்திலும் இல்லை; நிலத்தில் இருக்கின்றது என்பது என் கருத்து. அமெரிக்க நிலவுடைமையாளர் மானை வருவிக்கக் கைக்கொள்ளும் உபாயங்களைச் சற்று உற்று நோக்குக. மேய்வதற்கு வெளி வேண்டும். ஒளிவதற்குப் புதர் வேண்டும். இரண்டும் சந்திக்கும் ஓரத்திலேதான் விலங்கு மிகுதியாக வாழும். அவர்கள் இவ்வோரங்களை வேண்டுமென்றே உண்டாக்குகின்றனர். நாமோ வேண்டாமலே உண்டாக்குகின்றோம். கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் மாணாப்புல்லும் கினிப்புல்லும் ஆளுயரத்துக்கு வளர்ந்திருக்கின்றன. பகலெல்லாம் பன்றி அதனுள் உறங்கும். இரவில் பத்தடி நடந்தால் கிழங்குப் பாத்தி. பன்றிக்கு இதனினும் சிறந்த மாளிகையைப் பொருள் கொடுத்தும் கட்டுவிக்க முடியாது. பாத்திக்கும் புல்லுக்கும் இடையே மறைவில்லாத அகன்ற வெளியொன்றை ஆண்டுக்கு இருமுறை வெட்டித் துப்புரவாக வைத்தால், அவ்வெளியைக் கடக்க விலங்கு தயங்கும். பன்றி விரும்பாத மிளகையும் தேயிலையையும் ஓரத்திலும், விரும்பும் கிழங்கையும் சோளத்தையும் வீட்டருகிலும் வைப்பது இன்னொரு முறை. இன்று பல இடங்களில் இம்முறை தலைகீழாக இருக்கின்றது. காரணமும் வெளிப்படை: தொழிலாளிக்குக் கிடைக்கும் துண்டு நிலம் எப்போதும் எல்லை நிலமே. அதை மாற்றும் வல்லமை தோட்ட நிருவாகத்துக்கே உண்டு. நம் பழைய மாணவர் சிலர் அந்நிருவாகங்களில் இருப்பதால் இதனைச் சற்று அழுத்திச் சொல்கின்றேன்.

வறண்ட வடபகுதியில் நம் அயலவரின் முன்னோர் இக்கலையை நன்கறிந்திருந்தனர். குளத்துக்கு மேலே நீர்வரும் வழியிலே ‘கொடவல’ என்ற சிறு மடு வெட்டுவர். அது வண்டலைத் தடுத்து நிறுத்தும். அதனோடு, காட்டு விலங்கு ஊருக்குள் வராமலே நீர் அருந்தவும் இடமாகும். குளத்தின் மேற்கரையில் ‘கஸ்கொம்மன’ என்னும் மரக்கூட்டம். அணைக்குக் கீழே ‘கட்டகடுவ’ என்னும் புதர்நிலம். வயலில் ஒரு துண்டு ‘குருலு பாளுவ’, அதாவது பறவைகளுக்கென விட்ட பங்கு. இதை வெறும் தருமம் எனக் கருதவேண்டா. கதிருக்கு வந்த பறவை வயலின் புழுவையும் தின்றுவிட்டுப் போகும். இக்குளக்கிராம அமைப்பை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலகின் சிறந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றிருக்கின்றது. ஏற்றதற்குள், எத்தனையோ கொடவலகள் தூர்ந்துவிட்டன. கஸ்கொம்மன வெட்டப்பட்டு வயலாயிற்று. நீர் ஊருக்குள் மட்டும் இருக்குமாயின் விலங்கும் ஊருக்குள் வரும். மொரகஹகந்தை, களுகங்கை நீர்த்தேக்கங்கள் 2018 அளவில் நிறைந்தபோது, பள்ளத்தாக்குகளின் அடிநிலம் முழுவதும் நீருள் அமிழ்ந்தது. அவ்வடிநிலமே மானும் யானையும் மேய்ந்த நிலம் என்பதையும் இங்கு நினைக்க வேண்டும்.

காவல் என்பதும் ஒரு கலையாகவே இருந்தது. குறிஞ்சித் தலைவி பரண்மீதிருந்து தழலும் தட்டையும் குளிரும் கொண்டு கிளி ஓட்டியதைக் குறிஞ்சிப்பாட்டிற் படிக்கின்றோம். வள்ளி தினைப்புனம் காத்ததை அறியாத சைவப் பிள்ளை இல்லை. கலேவெலச் சேனையிலே குரக்கன் காக்கும் சிங்கள விவசாயியும் ‘பெல்’ என்னும் பரண்குடிலில் இருந்து இரவெல்லாம் பாடுவான். பெல் கவி எனவே ஒரு பாட்டுவகை அம்மொழியில் உண்டு. மொழி இரண்டு, புனம் ஒன்று. ஊரார் முறைவைத்துக் காத்த காலத்தில் ஒருவனுக்கு வாரத்தில் ஓரிரவே விழிப்பு. இன்று ஒவ்வொருவனும் தன் பாத்தியைத் தானே காக்கின்றான். ஏழிரவும் விழிக்க இயலாதவனுக்குக் கம்பி துணையாகின்றது.

மலைப்பகுதியில் இன்னொரு தவறு, தீ. பிட்டவல பத்தனை போன்ற புல்வெளிகளின் அழகைக் காணப் பலர் செல்கின்றனர். வறண்ட மாதங்களிற் புல்லுக்குத் தீ வைத்தால் இளந்தளிர் துளிர்க்கும், தளிருக்கு மான் வரும், மானைச் சுடலாம் என்பது பழைய வேட்டைத் தந்திரம். சமதரையில், காற்றறிந்து, எல்லை வகுத்து மூட்டும் தீ அமெரிக்காவில் முகாமையின் ஒரு கருவி. நக்கிள்ஸ் சரிவிலே மூட்டும் தீ அடுத்துள்ள சோலையை மென்றுவிட்டு, அடுத்த மழையில் மண்ணையும் ஆற்றுக்கு அனுப்பிவிடும். 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட மலை அது.

குரங்கையும் மயிலையும் பற்றிச் சொல்லாது விட்டால் மிளகுத் தோட்டக்காரர் கோபிப்பர். 2025 மார்ச்சு 15ஆம் நாள் காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடம், நாடெங்கும் மக்கள் தத்தம் காணியிலிருந்த குரங்கு, மயில், மலையணில் முதலியவற்றை எண்ணினர். எண்ணும் முறையைக் குறைகூறியோர் இருந்தனர். எனினும் எண்ணாமல் திட்டமிடுவதினும் எண்ணிவிட்டு வாதாடுவது மேல். பேகன் இன்றிருந்தால் மயிலுக்குப் போர்வை ஈயுமுன் நம் விவசாயிகளின் நெல்வயலை ஒருமுறை பார்த்திருப்பான். வறண்ட நிலத்துப் பறவையாகிய மயில் இன்று ஈரவலயத்திலும் அகவுகின்றது. காடு வெட்டுண்டு வெளியாவதையும் வெயில் மிகுவதையும் அதன் குரல் அறிவிக்கின்றது என்பர் ஆராய்ச்சியாளர்.

முடிப்பதன்முன் வஸ்கமுவவின் எல்லையில் நடக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். அவ்வனம் 1938இல் ஒதுக்கமாகி, மகாவலித் திட்டத்தால் இடமிழந்த விலங்குகளுக்காக 1984இல் தேசிய வனமாயிற்று. கிழக்கே மகாவலி கங்கையும் மேற்கே அம்பன் கங்கையும் அதனைத் தழுவி ஓடுகின்றன. யானைக்கு எலுமிச்சை இனத்துப் பழமும் இலையும் ஆகா என்பதை அறிந்து, அங்குள்ள கிராமத்தவர் சிலர் இலங்கை வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கமொன்றின் துணையுடன் வீட்டுக்காணிகளின் ஓரத்தில் தோடை மரம் நட்டிருக்கின்றனர். மரம் காய்க்கச் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை கன்றுகளை மாட்டிடமிருந்து காக்கவேண்டும். கோடையில் நீர் ஊற்றவேண்டும். காய்த்தபின் பழம் சந்தைக்குப் போகும், யானை வேறு வழியாற் போகும். தோடை நெல்லைப்போல ஒரு போகத்திற் பலன் தருவதன்று. ஆதலின் கன்று கொடுக்கும்போது, காய்க்கும் வரையுள்ள ஆண்டுகளுக்கு இடைப்பயிர் எது என்பதையும் சொல்லிக் கொடுப்பது அவசியமாகின்றது. நம் மாணவர் விவசாயப் பாடத்திற்காக ஒருநாள் அங்கு சென்று, அம்மரங்களை நட்டவர்களிடமே கேட்டறிவது நன்று. வில்கமுவ வழியாகச் சென்றால் மாலைக்குள் திரும்பிவிடலாம். யானை நடமாடும் வேளைக்குமுன் திரும்பவும் வேண்டும்.